அடிக்குறிப்பு இல்லாத முதல் பத்தி: குட்டன்பெர்க் ஆய்வேடு குறித்த நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒரு சட்ட ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது. அமெரிக்க அரசியலமைப்பையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு உடன்படிக்கையையும் ஒப்பிடும் ஏடு அது. அதன் முன்னுரை ஒரு லத்தீன் வாசகத்தோடு தொடங்கும்: ‘இ புளூரிபஸ் ஊனும்’. ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்று பொருள். அமெரிக்க நாட்டை நிறுவியவர்களின் முழக்கம். படிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் தொடக்கம்தான்.

ஆனால் அந்தத் தொடக்கத்தை எழுதியவர் வேறொருவர். ஜெர்மன் அரசியல் கோட்பாட்டு அறிஞர் பார்பரா சேன்ஃபெனிக் 1997 நவம்பரில் பிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனே நாளிதழில் எழுதிய கட்டுரை அப்படித்தான் தொடங்கியது. ஆய்வேட்டில் அந்தப் பத்திக்கு மேற்கோள் குறி இல்லை. கீழே அடிக்குறிப்பும் இல்லை.

ஆய்வேட்டை எழுதியவர் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க். (அச்சுக்கலையோடு நாம் சேர்த்துச் சொல்லும் கூட்டன்பெர்க் வேறு.) 2007இல் மிக உயர்ந்த தரத்தில் முனைவர் பட்டம் பெற்றார், 2009இல் ஏடு நூலாக வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அப்போது நாட்டில் மிகுந்த செல்வாக்குள்ள அரசியல்வாதிகளில் அவரும் ஒருவர்.

கருத்துத் திருட்டு, பதிப்புரிமை, மேற்கோள் முறை இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வைத்தான் முதலில் எடுப்பேன். அவர் அமைச்சர் என்பது அதற்குக் காரணமில்லை. ஒரே ஆய்வேட்டின் மேல் இங்கே இரண்டு தனித்தனி விசாரணைகள் நடந்தன. ஒன்றைப் பல்கலைக்கழகம் நடத்தியது, மற்றொன்றை அரசு வழக்கறிஞர் அலுவலகம் நடத்தியது. இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு, வந்த முடிவுகளும் வேறு. நம்மில் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் இதில் கண்ணெதிரே பிரிந்து நிற்கின்றன.

இரண்டு வாரத்தில் நடந்தது

2011 பிப்ரவரியில் பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் ஃபிஷர்-லெஸ்கானோ ஓர் ஆய்விதழுக்கு மதிப்புரை எழுதுவதற்காக அந்த நூலைப் படித்துக்கொண்டிருந்தார். வழக்கமான வேலை. சில சொற்றொடர்களைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தார். அதே சொற்கள் செய்தித்தாள் கட்டுரைகளில் வரிசை மாறாமல் வந்து நின்றன.

பிப்ரவரி 16 அன்று செய்தி வெளியானது. குற்றச்சாட்டு அபத்தமானது என்றார் அமைச்சர். மறுநாளே இணையத்தில் ‘குட்டன்பிளாக்’ என்ற விக்கி தொடங்கப்பட்டு, முன்பின் அறியாத பலர் சேர்ந்து ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். 18ஆம் தேதி அவர் ஓர் அறிக்கை படித்தார். இது திருட்டு அல்ல, பிழைகள் இருக்கலாம், குடும்பத்தையும் பணியையும் பார்த்துக்கொண்டு ஏறத்தாழ 7 ஆண்டுகள் உழைத்து எழுதியது, சோதனை முடியும்வரை பட்டத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்பது சாரம். 21ஆம் தேதி பட்டத்தை நிரந்தரமாகவே விட்டுவிடுவதாகச் சொன்னார். தான் ஓர் ஆய்வு உதவியாளரை நியமிக்கவில்லை, பாதுகாப்பு அமைச்சரைத்தான் நியமித்தேன் என்ற பொருளில் பிரதமர் ஏஞ்செலா மெர்க்கல் அவருக்குத் துணை நின்றார். 23ஆம் தேதி பல்கலைக்கழகம் பட்டத்தை முறைப்படி பறித்தது. மார்ச் 1 அன்று பதவி விலகினார்.

மெர்க்கலின் அந்தப் பேச்சுதான் முனைவர் பட்ட மாணவர்களைக் கொதிக்க வைத்தது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட திறந்த மடல் ஒன்று அவருக்குப் போனது. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் மூலம் தேடி அடிக்குறிப்பு போட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம், அது ஒரு சின்ன விஷயம் என்று நாட்டின் தலைமையே சொன்னால் எப்படி இருக்கும்? அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த மடல் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்த விவகாரம் அமுங்கிப்போயிருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

எண்ணியவர்கள் கண்டது

குட்டன்பிளாக் விக்கியில் வேலை செய்தவர்கள் மென்பொருள் காட்டும் விழுக்காட்டை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. ஐயத்துக்குரிய ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, இடப்பக்கம் ஆய்வேட்டின் வரிகள், வலப்பக்கம் மூலத்தின் வரிகள் என்று வைத்து ஒப்பிட்டார்கள். ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்த்தார். 2011 ஏப்ரல் தொடக்கத்தில் அவர்கள் கணக்கு இப்படி இருந்தது: உடற்பகுதியின் 393 பக்கங்களில் 371 பக்கங்களில் குறை இருந்தது. 135 மூலங்களிலிருந்து எடுத்த 1,218 பகுதிகள், 10,421 வரிகள். மொத்த வரிகளில் 63.8 விழுக்காடு.

இதை அவர்கள் ஒரு படமாகவும் வெளியிட்டார்கள். கடைப்பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடு போன்ற படம். ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு. குறை இல்லாத பக்கம் வெள்ளை, ஒரு மூலத்திலிருந்து எடுத்த பக்கம் கறுப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களிலிருந்து எடுத்த பக்கம் சிவப்பு. அந்தப் படத்தில் வெள்ளைக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்கள் செய்த இன்னொரு வேலை எனக்கு இந்த எண்களைவிட மதிப்பானதாகத் தெரிகிறது. எடுத்தாண்ட விதங்களை வகை பிரித்தார்கள். ‘காப்பி அடித்தல்’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதற்குள் எத்தனை வகை இருக்கிறது என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. வரிக்கு வரி அப்படியே எடுத்து மூலம் சொல்லாமல் விடுவது ஒரு வகை, எல்லோருக்கும் தெரிந்தது. சொற்களை மட்டும் மாற்றி, வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது அடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மறைப்பு’. வேற்றுமொழியில் இருப்பதை மொழிபெயர்த்துத் தன் எழுத்தாக வைப்பது இன்னொன்று. இதை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்தால்தான் பிடிபடும்.

நான்காவது வகைதான் மிக நுட்பமானது. சதுரங்கத்தில் பெரிய காயைக் காப்பாற்றச் சிப்பாயைப் பலி கொடுப்பார்கள் அல்லவா? அதை வைத்து ஜெர்மன்காரர்கள் இதைச் ‘சிப்பாய்ப் பலி’ என்கிறார்கள். ஒரு மூலத்திலிருந்து ஒரு பக்கம் முழுவதும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஒழுங்காக அடிக்குறிப்பு போடுவது. நூலின் பெயர் துணைநூற்பட்டியலில் இருக்கும், அடிக்குறிப்பிலும் இருக்கும். ‘மூலத்தைத்தான் குறிப்பிட்டிருக்கிறேனே’ என்று சொல்லவும் முடியும். ஆனால் எந்த வாக்கியத்தோடு அந்த ஆசிரியரின் குரல் முடிகிறது, எங்கிருந்து ஆய்வாளர் பேசுகிறார் என்று படிப்பவருக்குத் தெரியாது. பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று நம்பி வரும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு ஏமாற்றும் எண்ணமே கிடையாது. அடிக்குறிப்பு எதுவரை செல்லும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நானே ஒரு மூல வாக்கியம் எழுதுகிறேன். ஏதோ ஒரு நூலின் 42ஆம் பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “கூட்டாட்சி நாடுகளில் வரி விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, நாளடைவில் மற்ற அதிகாரங்களும் அவரிடமே போய்ச் சேர்கின்றன. முதலில் அதைக் கவனிப்பவர்கள் நீதிபதிகள், கடைசியில் கவனிப்பவர்கள் குடிமக்கள்.”

இதை ஆய்வேட்டில் ஒருவர் இப்படி எழுதுகிறார்: “கூட்டாட்சி அரசுகளில் வரிவிதிப்பு அதிகாரம் எவரிடம் உள்ளதோ, காலப்போக்கில் பிற அதிகாரங்களும் அவரிடமே சென்று சேர்கின்றன.” சொற்களில் பல மாறியிருக்கின்றன. ஆனால் ‘எவரிடம் உள்ளதோ அவரிடமே’ என்ற எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. சிந்தனையின் ஓட்டமும் அப்படியே. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது சொந்த நடையில் எழுதுவது ஆகாது. அடிக்குறிப்பும் இல்லை என்றால் இது மறைப்பு.

இன்னொருவர், “கூட்டாட்சியில் வரி அதிகாரம் உள்ளவரிடமே மற்ற அதிகாரங்களும் சேரும்” என்று எழுதி அங்கே அடிக்குறிப்பு போடுகிறார். அப்புறம் புதுப் பத்தி. “இந்த மாற்றத்தை முதலில் கவனிப்பவர்கள் நீதிபதிகள். குடிமக்கள் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்” என்று தொடர்கிறார். இரண்டாவது பத்திக்குக் குறிப்பு இல்லை. அந்த நூலில் உண்மையிலேயே புதிதாக இருந்த கவனிப்பு அதுதான், அது ஆய்வாளருடையதாக மாறிவிட்டது. சிப்பாய்ப் பலி என்பது இதுதான்.

ஒழுங்காக எழுதினால் எப்படி இருக்கும்? மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை எழுத வேண்டும். “வரி அதிகாரம் மற்ற அதிகாரங்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்கிறார் இன்னார். இந்த நகர்வு குடிமக்கள் கண்ணில் படும் முன்பே நீதிபதிகள் கண்ணில் பட்டுவிடும் என்பதும் அவர் கவனிப்பே (ப. 42). இது நீண்டகாலக் கூட்டாட்சிகளுக்குச் சரி. நேற்று உருவான ஒரு கூட்டமைப்பில், வரியே இன்னும் யாரிடமும் உறுதியாக இல்லாதபோது, இதை எப்படிப் பொருத்துவது?” இங்கே ‘என்கிறார்’, ‘அவர் கவனிப்பே’ என்ற இரண்டு சொற்களே வேலியாக நிற்கின்றன. எதுவரை அவர், எங்கிருந்து நான் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. கடைசி கேள்வி ஆய்வாளருடையது, அதில்தான் அவருடைய ஆய்வே தொடங்குகிறது. மூலத்தின் சொற்களே முக்கியம் என்றால், அந்தச் சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைக்கலாம்.

நம் பழைய இலக்கண நூலார் ‘என்மனார் புலவர்’ என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். முன்னோர் சொன்னது இது, நான் கூட்டியது இது என்று பிரித்துக் காட்டும் வழக்கம் நம் மொழிக்குப் புதியது இல்லை. இன்றைய முறையில் அதோடு பெயர், ஆண்டு, பக்க எண் கேட்கிறார்கள். படிப்பவர் போய்ச் சரிபார்க்க வேண்டுமே, அதற்காக.

பல்கலைக்கழகம் கேட்டது

பிப்ரவரி 23 அன்று பட்டத்தைப் பறித்தபோது, வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்விக்குள் பைராய்ட் பல்கலைக்கழகம் போகவில்லை. ஆய்வு நெறிக்கான கடமையை அவர் கணிசமான அளவில் மீறியிருக்கிறார், பட்டத்தைத் திரும்பப் பெற அதுவே போதும் என்று முடித்துக்கொண்டது. எண்ணத்தைப் பற்றிய கேள்வி பல்கலைக்கழகத்தின் ஓர் ஆணையத்திடம் போனது. ஆய்வு நெறிகளை அவர் வெளிப்படையாகக் கடுமையாக மீறினார், அதில் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று அந்த ஆணையம் மே மாதம் முடிவு சொன்னது.

எண்ணத்தை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பல இடங்களில் மூலத்தின் வாக்கியங்கள் மாற்றி அமைக்கப்பட்டிருந்தன. ஒத்த பொருளுள்ள வேறு சொற்கள் வந்திருந்தன. சில விவரங்கள் மட்டும் நீக்கப்பட்டிருந்தன. தவறுதலாக ஒட்டிக்கொண்ட பகுதியில் இப்படி நடக்காது, தெரிந்து செய்பவர்தான் இப்படி மாற்ற முடியும் என்றது ஆணையம். ‘நாலு சொல்லை மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை’ என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நாலு சொல்தான் இங்கே சான்றாக நின்றது. அப்படியே ஒட்டிவிட்டு மறந்திருந்தால் கவனக்குறைவு என்று வாதாடவாவது இடம் இருந்திருக்கும்.

அரசு வழக்கறிஞர் கேட்டது

இனி மற்ற விசாரணைக்கு வருவோம். பதிப்புரிமை மீறல் என்று பலர் புகார் கொடுத்ததால் ஹோஃப் நகர அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தது. ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு மற்றவர் எழுத்தை மேற்கோள் காட்ட உரிமை தருகிறது, 63ஆம் பிரிவு மூலத்தைத் தெளிவாகக் குறிப்பிடச் சொல்கிறது. உரிமை இல்லாமல் படியெடுத்துப் பரப்பினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது 106ஆம் பிரிவு.

2011 நவம்பரில் முடிவு வந்தது. குற்றமாகக் கருதத்தக்க பதிப்புரிமை மீறல்கள் 23 பகுதிகளில் இருப்பதாக அலுவலகம் சொன்னது. ஆனால் உரிய ஆசிரியர்களுக்கு ஏற்பட்ட பொருள் இழப்பு மிகக் குறைவு என்றும் கருதியது. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உதவும் ஓர் அறநிறுவனத்துக்கு 20,000 யூரோ செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு நடவடிக்கையைக் கைவிட்டது. இது தண்டனை அல்ல, குற்றவாளி என்ற தீர்ப்பும் அல்ல.

விக்கி கண்டது 1,218 பகுதிகள், அரசு வழக்கறிஞர் கண்டது 23. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை இதைக் கேட்பவர்கள், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் அளந்தது வேறு வேறு பொருளை.

பதிப்புரிமை என்பது எழுதியவரின் உடைமை பற்றியது. அது காப்பது ஒருவர் தனக்கே உரிய வகையில் சொன்ன வடிவத்தை. கருத்தைக் காக்காது. தகவலைக் காக்காது. யார் எழுதினாலும் ஏறத்தாழ அப்படித்தான் வரும் என்னும்படியான ஒரு சாதாரண வாக்கியத்தையும் காக்காது. சட்டங்கள், தீர்ப்புகள் போன்றவற்றை ஜெர்மன் சட்டம் பாதுகாப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. காலமும் ஒரு வரம்பு. ஜெர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கழிந்தால் உரிமை முடிந்துவிடும். அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி எழுதும் எவரும், அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜேம்ஸ் மேடிசனைத் தொடாமல் போக முடியாது. அவர் இறந்தது 1836இல். அவர் எழுதியதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துத் தன் ஆய்வேட்டில் தன் சிந்தனையாக வைத்தால், அது முழுமையான கருத்துத் திருட்டு.

கருத்துத் திருட்டு என்ற குற்றத்தில் ஏமாறுபவர் படிப்பவர். தேர்வாளர் ஏமாறுகிறார், இந்த நூலை நம்பி அடுத்த நூலை எழுதப்போகும் ஆய்வாளர் ஏமாறுகிறார். மூல ஆசிரியரே ‘எடுத்துக்கொள், என் பெயர் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் இந்த ஏமாற்று ஏமாற்றுதான். குட்டன்பெர்க் விவகாரத்தில் இதற்கும் சான்று இருக்கிறது. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஓர் ஆய்வுப் பிரிவு உண்டு. உறுப்பினர்கள் கேட்டால் அவர்களுடைய பணிக்காகக் குறிப்புகள் தயாரித்துத் தருவார்கள். அவர் அப்போது உறுப்பினர். அப்படி எழுதித் தரப்பட்ட குறிப்புகளும் ஆய்வேட்டுக்குள் போயிருந்தன. கேட்டு வாங்கியதுதானே என்று தோன்றலாம். ஆனால் முனைவர் பட்டம் தருவது ‘இதை இவரே ஆய்ந்து எழுதினார்’ என்ற நம்பிக்கையில். ஏட்டோடு சேர்த்து ஓர் உறுதிமொழியும் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அது இந்த நிகழ்வில் இல்லை என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூலத்தை ஒழுங்காகக் குறிப்பிட்டுவிட்டு, ஒரு நூலின் முழு அத்தியாயத்தையும் பின்னிணைப்பாகச் சேர்ப்பவர்கள் உண்டு. யாரோ எடுத்த ஒளிப்படத்தை அலங்காரத்துக்காகப் போட்டுக் கீழே பெயர் எழுதுபவர்களும் உண்டு. அங்கே கருத்துத் திருட்டு இல்லை. பதிப்புரிமை மீறல் இருக்கலாம். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு மேற்கோளை அனுமதிக்கும்போது, நியாயமான வழக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. ஒரு படத்தை ஆராய்வதற்காக எடுத்துக் காட்டுவது வேறு, பக்கத்தை நிரப்பப் போடுவது வேறு. இரண்டாவதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும். ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவது இரண்டுக்கும் உதவாது. இணையம் யார் பெயரும் இல்லை.

80 வட்டுகள்

பதவி விலகிய சில மாதங்கள் கழித்து வெளியான நேர்காணல் நூலில் குட்டன்பெர்க் தன் தரப்பைச் சொன்னார். ஆண்டுக்கணக்காக, வெவ்வேறு இடங்களில் இருந்த 4 கணினிகளில் எழுதினாராம். குறைந்தது 80 வட்டுகளில் பகுதி பகுதியாகச் சேமித்து வைத்தாராம். எது தன் எழுத்து, எது குறிப்பு எடுத்தது என்பது ஒரு கட்டத்தில் கைமீறிப் போனது, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பது அவர் வாதம். ஆணையம் இதற்கு முன்பே வேறு முடிவுக்கு வந்துவிட்டது என்பதைப் பார்த்தோம்.

அவருடைய விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. 371 பக்கங்களில் இப்படி நேர்வது குழப்பத்தால் மட்டும் ஆகாது. ஆனாலும் அந்த 80 வட்டுகளைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஏனென்றால், ஏமாற்றும் எண்ணமே இல்லாத மாணவர்களின் ஏடுகளில் நான் காணும் பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. எழுதும்போது அல்ல, அதற்கு ஓராண்டு முன்பு குறிப்பு எடுக்கும்போது. பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டுகிறார்கள். ‘அப்புறம் சொந்த நடையில் மாற்றிக்கொள்ளலாம், மூலத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது அந்தப் பத்தி தன்னுடையது போலவே இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது. எடுத்து ஏட்டில் வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. ஒட்டும் அந்த நொடியிலேயே மேற்கோள் குறி போடுங்கள். பக்க எண்ணை அதே வரியில் எழுதுங்கள், அடுத்த வரியில் அல்ல. படியெடுத்ததற்கு ஒரு நிறம், நாம் புரிந்துகொண்டு எழுதியதற்கு ஒரு நிறம், நமக்கே தோன்றியதற்கு ஒரு நிறம் என்று முதல் நாளிலிருந்து பிரித்து வையுங்கள். சொட்டேரோ போன்ற மேற்கோள் மென்பொருள் பட்டியலை ஒழுங்குபடுத்தித் தரும், நல்ல உதவிதான். ஆனால் எது யாருடைய வாக்கியம் என்பதை அது நினைவில் வைத்திருக்காது. வேற்றுமொழி நூலிலிருந்து நீங்களே மொழிபெயர்த்த வரிகளுக்கு இது இன்னும் முக்கியம். மொழிபெயர்த்ததும் அது முழுக்க முழுக்க உங்கள் நடையில் உங்கள் குரலாகவே இருக்கும். அந்த இடத்திலேயே குறிக்காவிட்டால் பிறகு உங்களாலேயே அடையாளம் காண முடியாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு நூலில் வேறொருவரின் மேற்கோளைப் பார்க்கிறோம். அந்த வேறொருவரின் நூலை நாம் தொட்டதே இல்லை. ஆனாலும் அவர் நூலையே நேராகப் படித்தது போல அடிக்குறிப்பு போட்டுவிடுகிறோம். இடையில் இருந்தவர் மேற்கோளைத் தப்பாக எடுத்திருந்தால் அந்தத் தப்பும் நம் பெயரில் வந்து சேரும். ‘இன்னார் நூலில் மேற்கோள் காட்டப்பட்டபடி’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை.

மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காடு பற்றியும் ஒரு சொல். விக்கியின் 63.8 விழுக்காடு மனிதர்கள் படித்து ஒப்பிட்டு எண்ணியது. மென்பொருள் தரும் விழுக்காடு அப்படிப்பட்டது அல்ல. முறையாகக் காட்டிய மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும்கூட அது ஒற்றுமை என்று எண்ணும், நல்ல மொழிபெயர்ப்புத் திருட்டை விட்டுவிடும். அந்த எண்ணைக் குறைப்பதற்காக வாக்கியங்களைத் திருகுவது, மேலே சொன்ன மறைப்பைக் கூட்டுவதில்தான் முடியும். நெறியாளர்கள் எண்ணை மட்டும் கேட்பதை நிறுத்தி, அறிக்கையைத் திறந்து வரிகளைப் படிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு

குட்டன்பெர்க் விவகாரம் சூடாக இருந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் அனெட்டே ஷாவான். தானும் 31 ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்டம் பெற்றவள் என்று சொல்லி, இதைக் கண்டு மனதுக்குள் மட்டும் வெட்கப்படவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். பிறகு 1980இல் அவர் எழுதிய ஆய்வேடே கேள்விக்குள்ளானது. 2013 பிப்ரவரி 5 அன்று டூசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் அவர் பட்டத்தைப் பறித்தது, 9ஆம் தேதி பதவி விலகினார். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்லி நீதிமன்றம் போனார், 2014 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. இந்த வகைக் குறைக்குக் காலவரம்பு இல்லை என்பதை 33 ஆண்டுகள் கழித்துப் பறிபோன அந்தப் பட்டம் காட்டியது.

குட்டன்பெர்க் பின்னாளில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வங்கித் துறை பற்றி வேறோர் ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றார். பைராய்ட் ஏடு நூலாக வந்ததல்லவா, அதன் விற்பனையைப் பதிப்பாளர் நிறுத்திவிட்டார். ஆனால் 2009க்கும் 2011க்கும் இடையில் நூலகங்களுக்குப் போன படிகள் போனவைதான். அவற்றில் முன்னுரையின் முதல் பத்தி இன்னும் அதே லத்தீன் வாசகத்தோடுதான் தொடங்குகிறது. கீழே பார்பரா சேன்ஃபெனிக்கின் பெயர் இல்லை. இந்தக் கதை எதுவும் தெரியாத ஒரு மாணவர் அந்தப் படியை எடுத்து, அந்தப் பத்தி பிடித்துப்போய், மேற்கோள் குறியும் பக்க எண்ணுமாக மிகச் சரியாக எடுத்துக்காட்டி, அடிக்குறிப்பில் குட்டன்பெர்க் என்று எழுதுவார்.